‘சின்னக் குழு’ என்று சொல்லி 38 பேரோடு பஸ்ஸில் ஏற்றினார்கள்: பாங்காக்கில் கெட்ட ஒரு நாளுக்குக் கோவையில் வழக்குப் போடலாமா?

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் 34 வயது வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். முதல்முறையாகத் தனியாக வெளிநாடு போனவர். பாங்காக்கில் ஐந்து நாள் தங்கினார். அதில் ஒரு நாளைத் தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தயாவுக்கு ஒதுக்கி, இங்கிருந்தே ஓர் இணையப் பயணத் தளத்தில் கைடுடன் கூடிய சுற்றுலாவை கிரெடிட் கார்டில் பதிவு செய்தார். கட்டணம் 4,300 ரூபாய், ‘குறைந்தது இருவர்’ என்ற விதியால் தனியாக வருபவருக்குக் கூடுதலாக 1,100 ரூபாய், ஆக 5,400. வவுச்சரில் இருந்தவை: அதிகபட்சம் 12 பேர், ஹோட்டலிலிருந்து அழைத்துப் போதல், ஆங்கிலம் பேசும் கைடு, சைவ மதிய உணவு, பாங் பா இன் அரண்மனை, வாட் மஹாதாட், வாட் ஃப்ரா சி சன்பெட், வாட் சைவத்தனாராம் ஆகிய மூன்று கோயில்கள்.

நடந்தது வேறு. முந்தைய இரவு வாட்ஸ்அப்பில் ‘மெட்ரோ நிலையத்துக்கு வந்துவிடுங்கள்’ என்று செய்தி வந்தது. போனால் பெரிய பஸ், 38 பேர். மைக் பிடித்தவர் பெரும்பாலும் வேறொரு மொழியில் பேசினார். ஆங்கிலத்தில் இடையிடையே ஓரிரு வாக்கியம். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய தாய்லாந்துப் பெண்மணி ஒருவர் முன் இருக்கையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். கட்டாய டிப்ஸ் என்று ஆளுக்கு 100 பாட் வசூல். முதல் நிறுத்தம் ஒரு நகைக்கடை, 75 நிமிடம். அயுத்தயா போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. இரண்டு கோயில்களில் தலா 25 நிமிடம். சைவச் சாப்பாடு என்று வெறும் சோறும் தர்பூசணியும். இரண்டரை மணிக்கு, ‘நேரமில்லை, வழியில் லேடெக்ஸ் மெத்தைக் கடை பார்த்துவிட்டுத் திரும்புகிறோம்’ என்று அறிவித்தார்கள். வாசகி, ‘நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன்’ என்று வாட்ஸ்அப்பில் தெரிவித்துவிட்டு இறங்கினார். துக்-துக் பிடித்து வாட் சைவத்தனாராம் பார்த்துவிட்டு ரயிலில் பாங்காக் திரும்பினார். அந்த வகையில் செலவு ஏறத்தாழ 1,200 ரூபாய்.

தளத்தின் பதில்: “நாங்கள் இடைத்தரகர் மட்டுமே. நீங்களே பாதியில் விலகிவிட்டீர்கள். வழக்கு என்றால் சிங்கப்பூரில் நடுவர் மன்றம். நல்லெண்ணத்தில் 500 ரூபாய் கூப்பன் தருகிறோம், இத்துடன் விஷயம் முடிந்ததாக உறுதி செய்யுங்கள்.” வாசகி எழுதிய ஒற்றை நட்சத்திர விமர்சனத்தை நீக்காவிட்டால் தாய்லாந்தில் அவதூறு வழக்கு என்று அங்குள்ள நிறுவனத்திடமிருந்து தனியாக ஒரு மிரட்டல். சுற்றுலா முடிந்து 52 நாள் ஆகிறது. பயணத்தின் மொத்தச் செலவு 94,000 ரூபாயையும், மன உளைச்சலுக்கு 2 லட்சத்தையும் கேட்டு வழக்குப் போடலாமா, அல்லது வெளிநாட்டு விவகாரம் என்று விட்டுவிடுவதா என்பது அவருடைய கேள்வி. கூடவே, “தனியாப் போனா இப்படித்தான் என்கிறார் அண்ணன்” என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கோபம் 38 பேர் பஸ்ஸிலும் மெத்தைக் கடையிலும் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு மிகச் சுலபமாகத் திரும்பி வர வேண்டிய பணத்தைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: அந்த 1,100 ரூபாய். இருவருக்கான வண்டியில் ஒருவர் மட்டும் போனால் காலி இருக்கைக்கு வாங்குகிற தொகை அது. உங்களை ஏற்றியது 38 பேர் பஸ். அங்கே எந்த இருக்கை உங்களால் காலியானது? இந்த ஒரு கேள்விக்குத் தளத்திடம் பதில் இருக்காது. ஆகவே உங்கள் புகார்க் கடிதத்தின் முதல் பத்தி இதுவாக இருக்கட்டும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சட்டம் வெறும் ஏமாற்றத்துக்கு விலை போடுவதில்லை. எழுத்தில் கொடுத்த வாக்கு எங்கே மீறப்பட்டது என்றுதான் பார்க்கும். உங்கள் பட்டியலை அந்தக் கண்ணோடு பிரித்தால் இரண்டு குவியலாகும். 12 பேர், ஹோட்டல் பிக்கப், ஆங்கில கைடு, சைவ உணவு, நான்கு இடங்கள் ஆகியவை வவுச்சரில் இருப்பவை. மீறியதை நிரூபித்தால் போதும். கைடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அவசரப்படுத்தினார், வெயில் தாங்கவில்லை, படத்தில் பார்த்தது போல இல்லை என்பவை இரண்டாவது குவியல். அவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் புகாரில் சேர்த்தால் எதிர்தரப்பு அவற்றைப் பிடித்துக்கொண்டு, ‘இவருக்கு எதுவுமே பிடிக்கவில்லை’ என்று முதல் குவியலையும் நீர்த்துப்போகச் செய்யும். ஒவ்வொரு கோயிலிலும் 25 நிமிடம் என்பதுகூட, வவுச்சரில் நேரம் குறிப்பிட்டிருந்தால் மட்டுமே முதல் குவியலில் சேரும். எடுத்துப் பாருங்கள்.

12 பேர் 38 ஆனது எப்படி

இது தெரிந்தால் யாரிடம் கேட்பது என்பதும் தெளிவாகும். நீங்கள் பணம் கட்டியது தளத்திடம். தளம் அதை பாங்காக்கில் ஒரு மொத்த ஏஜென்டுக்கு மாற்றுகிறது. அவர் உள்ளூர் நிறுவனம் ஒன்றுக்குக் கைமாற்றுகிறார். அன்றைக்குப் பதிவு குறைவாக இருந்தால், அந்த நிறுவனம் தன் ஆட்களை இன்னொரு நிறுவனத்தின் பஸ்ஸில் ‘சீட்’ கணக்கில் ஏற்றிவிடும். தொழிலில் இதை எஸ்.ஐ.சி. என்பார்கள், சீட் இன் கோச். ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு கடைசியில் பஸ் ஓட்டுகிறவருக்குச் சேருவது செலவுக்கே கட்டாத தொகையாக இருக்கும். அந்தப் பள்ளத்தை நகைக்கடையும் மெத்தைக் கடையும் தரும் கமிஷன் நிரப்புகிறது. நீங்கள் எதுவும் வாங்காதபோது கைடின் முகம் மாறியதற்குக் காரணம் அதுதான். இந்த வியாபாரத்தின் முற்றிய வடிவத்துக்கு ‘ஜீரோ டாலர் டூர்’ என்று பெயர். 2016-இல் தாய்லாந்து அரசு அதன்மீது பெரிய அளவில் நடவடிக்கை எடுத்தது.

முன் இருக்கையில் வாய் திறக்காமல் இருந்த பெண்மணியும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியாக இருக்கலாம். தாய்லாந்தில் கைடு வேலை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. 2008-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் மற்றும் கைடுகள் சட்டப்படி கைடும் உரிமம் வைத்திருக்க வேண்டும், சுற்றுலா நிறுவனமும் உரிமம் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் ஒருவர் மைக் பிடிக்க, உரிமம் உள்ள உள்ளூர்க்காரர் ஒப்புக்கு உட்கார்ந்திருப்பதை அங்கே ‘சிட்டிங் கைடு’ என்பார்கள். உங்கள் பஸ்ஸில் நடந்தது அதுதான் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. மைக் பிடித்தவரின் குடியுரிமை நமக்குத் தெரியாது. ஆனால் பஸ் முன்னால் எடுத்த படத்தில் அந்த அட்டை தெரிகிறது என்கிறீர்கள். அந்தப் படத்தை அழிக்க வேண்டாம், எங்கேயும் பகிரவும் வேண்டாம்.

“நானே இறங்கிவிட்டேனே!”

உங்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான் என்று தெரிகிறது. நீங்கள் இறங்கிய நேரத்தில், சுற்றிப் பார்க்கும் பகுதி முடிந்துவிட்டதாக அவர்களே அறிவித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது மெத்தைக் கடையும் திரும்பும் பயணமும். ஆகவே பாங் பா இன் அரண்மனையை நீங்கள் விலகியதால் இழக்கவில்லை. அறிவித்தது இரண்டரைக்கு, உங்கள் வாட்ஸ்அப் செய்தி 2.41-க்கு. இந்த வரிசை உங்களுக்குச் சாதகம். சொல்லாமல் கொள்ளாமல் இறங்கியிருந்தால் கதை வேறு. ‘காத்திருந்தோம், வரவில்லை’ என்பார்கள், மறுக்க உங்களிடம் எதுவும் இருந்திருக்காது.

இன்னொன்று. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, நஷ்டத்தைக் கணக்கிடும்போது அதைச் சரிசெய்ய பாதிக்கப்பட்டவருக்கு என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்கச் சொல்கிறது. சொந்தச் செலவில் போய், அவர்கள் காட்டாமல் விட்ட கோயிலைப் பார்த்தீர்கள். சட்டம் எதிர்பார்க்கும் நடத்தை அதுதான். ஒரே எச்சரிக்கை: திரும்பும் பஸ் பயணம் உங்களுக்குக் கிடைத்திருக்கும், நீங்களாகத்தான் வேண்டாம் என்றீர்கள். அதனால் ரயில் கட்டணத்தை அழுத்திக் கேட்க வேண்டாம். கேட்பதென்றால் துக்-துக், நுழைவுச் சீட்டு இரண்டை மட்டும் கேட்கலாம்.

தாய்லாந்தில் நடந்தால் கோவையில் வழக்கு முடியுமா?

முடியும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்க அனுமதிக்கிறது. பழைய 1986 சட்டத்தில் எதிர்தரப்பு இருக்கும் இடத்தையோ சம்பவம் நடந்த இடத்தையோ தேடிப் போக வேண்டியிருந்தது. கோவையில் முடியாது என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அந்தக் கால நினைவில் சொல்லியிருக்கக்கூடும். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.

சிங்கப்பூர் நடுவர் மன்றம் என்ற வரியைக் கண்டு ஒதுங்க வேண்டாம். ஒப்பந்தத்தில் நடுவர் மன்றப் பிரிவு இருப்பதாலேயே நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபடாது என்பதை எமார் எம்ஜிஎஃப் எதிர் அஃப்தாப் சிங் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நுகர்வோர் சட்டத்தின் 100-ஆம் பிரிவும் இந்த உரிமை மற்றச் சட்டங்களோடு கூடுதலாக இருப்பது என்கிறது. தளம் இந்த ஆட்சேபத்தை எழுப்பத்தான் செய்யும். அதற்கு ஒரு வாய்தா போகும் என்று மட்டும் எதிர்பாருங்கள்.

‘இடைத்தரகர் மட்டுமே’ என்பது இதைவிடக் கனமான வாதம். அதை உடைப்பது உங்கள் கையில் இருக்கும் காகிதம்தான். ஜிஎஸ்டி பில் யார் பெயரில் வந்திருக்கிறது? கார்டு ஸ்டேட்மென்டில் யார் பெயர்? விளம்பரத்தில் ‘எங்கள் தேர்ந்த கைடுகள்’ என்பது போல தளம் தன் குரலில் எழுதியிருந்ததா? பாங்காக் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் பணம் கட்டும் முன்னே உங்களுக்குக் காட்டப்பட்டதா? 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பனையாளரின் விவரத்தைக் காட்டுவது தளத்தின் கடமை. விளம்பரப்படுத்திய தன்மையில் சேவை இல்லாதபோது பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்கிறது விதி 6. அது விற்பனையாளருக்கான விதி. ஆகவே புகாரில் இருவரையும் சேருங்கள்: தளத்தின் இந்திய நிறுவனம் முதல் எதிர்தரப்பினர், பாங்காக் நிறுவனம் இரண்டாவது. உத்தரவு கிடைத்தால் பாங்காக் நிறுவனத்திடம் வசூலிப்பது மிகக் கடினம், அதனால் முழு முயற்சியும் முதல் எதிர்தரப்பினர் மேல் இருக்கட்டும். அதன் முகவரி தெரியாவிட்டால் பில்லில் உள்ள 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் இட்டுத் தேடுங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: 33 தமிழ்நாடு, 29 கர்நாடகம், 06 ஹரியானா.

ஒரு நுட்பம், பலரும் தடுக்கி விழும் இடம். தளத்தின் நிபந்தனைகள் ஒருதலைப்பட்சமானவை, அவற்றை ரத்து செய்யுங்கள் என்று கேட்கத் தோன்றும். ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு, மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. உங்கள் புகாரைச் சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக முறை என்ற இரண்டு தலைப்புக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். 5,400 ரூபாய்க்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம்.

94,000-மும் 2 லட்சமும்

இங்கே உங்களோடு உடன்பட முடியவில்லை. விமான டிக்கெட்டும் ஹோட்டலும் மற்ற நான்கு நாளும் உங்களுக்கு உரியபடி கிடைத்தன. ஒரு நாளின் குறைக்கு முழுப் பயணத்தின் செலவைக் கேட்டால், நியாயமான பகுதியையும் ஆணையம் சந்தேகத்தோடு பார்க்கும்.

அதேசமயம், இழந்த மகிழ்ச்சிக்கு மதிப்பே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1972-இல் தீர்ப்பான ஜார்விஸ் எதிர் ஸ்வான்ஸ் டூர்ஸ் வழக்கு இதற்கு மூலமாகச் சொல்லப்படுவது. ஜார்விஸும் தனியாகப் போனவர்தான். ஸ்விட்சர்லாந்தில் இரண்டு வாரம் ‘ஹவுஸ் பார்ட்டி’ என்ற விளம்பரத்தை நம்பிப் போனார். முதல் வாரம் 13 பேர் இருந்தார்கள். இரண்டாவது வாரம் அந்த விடுதியில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை, விடுதிக்காரருக்கு ஆங்கிலமும் வராது. ‘யோடலர் மாலை’ என்று விளம்பரப்படுத்தியதற்கு உள்ளூர்க்காரர் ஒருவர் வேலை உடையோடு வந்து நாலைந்து பாட்டை அவசரமாகப் பாடிவிட்டுப் போனார். கட்டியது 63.45 பவுண்டு. கீழ் நீதிமன்றம் அதில் பாதியைத் தந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 125 பவுண்டு, அதாவது கட்டணத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தந்தது. மகிழ்ச்சிக்காக விற்கப்பட்ட சேவையில் மகிழ்ச்சி கிடைக்காததும் நஷ்டமே என்பது தீர்ப்பின் சாரம். இந்திய ஆணையத்தை அது கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம். கவனியுங்கள், அங்கேயும் கிடைத்தது அந்தச் சுற்றுலாக் கட்டணத்தை ஒட்டிய தொகைதான்.

உங்கள் விஷயத்தில் கட்டணம் 5,400-ஐயும் முழுமையாகத் திருப்பக் கேளுங்கள், குறைத்துத் தருவது அவர்கள் பாடு. மன உளைச்சலுக்கு 15,000 முதல் 20,000, வழக்குச் செலவுக்கு 5,000. இது என் மதிப்பீடு. வழக்கின் அளவுக்குப் பொருந்தும், கேட்கவும் கூச்சப்பட வேண்டியதில்லை. முழுக் கட்டணத்தையும் கேட்டுவிட்டு, காட்டாமல் விட்ட கோயிலுக்கான துக்-துக் செலவையும் கேட்டால் ஒரே இழப்புக்கு இரண்டு தடவை கேட்டதாகும். ஏதாவது ஒன்று. 100 பாட் டிப்ஸுக்கு ரசீது இல்லை என்பதால் அதைச் சம்பவமாகக் குறிப்பிடுங்கள், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வழக்குக்கு முன்னே ஓடும் கடிகாரம்

இரண்டு ஆண்டு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். ஆணையத்துக்குப் போகாமலே பணம் திரும்ப வரக்கூடிய வழி சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை மறுத்து வங்கி மூலமாகத் திரும்பக் கேட்பது. அதற்குப் பொதுவாக 120 நாள்தான், அதில் 52 போய்விட்டது.

வெளிநாட்டில் பயன்படுத்திய சேவைக்கு இது செல்லாது என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை. கார்டு நிறுவனங்களின் உலகளாவிய விதி இது, நாட்டைப் பார்ப்பதில்லை. இன்னொரு குழப்பமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது: ‘மூன்று நாளுக்குள் வங்கியிடம் சொல்லவில்லை, அதனால் உரிமை போய்விட்டது’ என்பது. ரிசர்வ் வங்கியின் அந்த மூன்று வேலைநாள் விதி, உங்களுக்குத் தெரியாமல் யாரோ பணம் எடுத்தால் பொருந்துவது. நீங்களே ஒப்புக்கொண்டு கட்டிய பணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வங்கியின் படிவத்தில் ‘மோசடிப் பரிவர்த்தனை’ என்ற கட்டத்தில் டிக் போட்டால் கார்டை முடக்கிவிட்டு, ஓடிபி நீங்கள்தானே கொடுத்தீர்கள் என்று புகாரைத் தள்ளிவிடுவார்கள். ‘சேவை விவரித்தபடி இல்லை’ என்ற காரணத்தையே தேர்ந்தெடுங்கள்.

தொகை விஷயத்தில் இங்கே ஆணையத்தைவிட அடக்கமாகக் கேளுங்கள். பஸ்ஸில் போனீர்கள், இரண்டு கோயில் பார்த்தீர்கள், எதையோ சாப்பிட்டீர்கள். முழுத்தொகையையும் மறுத்தால் ‘சேவையைப் பயன்படுத்தினார்’ என்ற ஒரே வரியில் வணிகர் ஜெயித்துவிடுவார். 1,100 ரூபாய் முழுவதும், மீதி 4,300-இல் பாதி 2,150-மும் சேர்த்து 3,250 ரூபாயைப் பகுதி மறுப்பாகக் கொடுங்கள். நான்கு இடத்தில் இரண்டு காட்டவில்லை என்ற கணக்கை ஒரு தாளில் எழுதி இணையுங்கள். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், இதை என்னைவிட அழகாகச் செய்வீர்கள். இந்தத் தொகை வந்துவிட்டால் பின்னால் ஆணையத்தில் கேட்கும் தொகையிலிருந்து கழித்துக் காட்ட வேண்டும். சார்ஜ்பேக் போட்டவரின் கணக்கைச் சில தளங்கள் முடக்கிவிடும்; அதில் வேறு முன்பதிவு நிலுவையில் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

வணிகரிடம் முதலில் கேட்டுப் பார்த்ததற்கு ஆதாரம் இல்லாமல் வங்கி எடுத்துக்கொள்ளாது. ஆகவே இந்த வாரமே தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சாட்டில் பேசியது போதாது. அந்த அதிகாரியின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருந்தே ஆக வேண்டும். 48 மணி நேரத்தில் பெற்றதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். ஒரு மாதம் முழுதாகக் காத்திருந்தாலும் 82-ஆவது நாள் ஆகும், 38 நாள் கையில் இருக்கும். ஆனாலும் பதினைந்து நாளில் உருப்படியான பதில் இல்லையென்றால் வங்கிக்குப் போய்விடுங்கள். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். இதற்கிடையே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்து வையுங்கள். அங்கே உத்தரவு எதுவும் போட மாட்டார்கள், ஆனால் சிறு தொகை விவகாரங்களில் நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கிவருவது உண்டு.

500 ரூபாய்க் கூப்பனை ‘இத்துடன் முடிந்தது’ என்று எழுதிக் கொடுத்து வாங்க வேண்டாம். மின்னஞ்சலில் இப்படி ஒரு பத்தி இருக்கட்டும்:

“தனிப்பயணி என்பதற்காக என்னிடம் 1,100 ரூபாய் கூடுதலாகப் பெற்றீர்கள், 38 பேருடன் பெரிய பஸ்ஸில் ஏற்றினீர்கள். வவுச்சரில் உள்ள பாங் பா இன், வாட் சைவத்தனாராம் இரண்டும் காட்டப்படவில்லை. வவுச்சரில் இல்லாத கடையில் 75 நிமிடம் கழிந்தது. பகல் 2.41-க்கு நான் அனுப்பிய செய்தியை இணைத்துள்ளேன். கட்டணத்தை 15 நாளில் அதே கார்டுக்குத் திருப்பித் தரவும். நீங்கள் தரும் எந்தக் கூப்பனையும் முழுத் தீர்வாக நான் ஏற்கவில்லை.”

கோபமான சொல் ஒன்றும் இதில் இல்லை. இதே மின்னஞ்சலைத்தான் பிறகு வங்கி அதிகாரியும் ஆணையத்தின் தலைவரும் படிக்கப் போகிறார்கள்.

ஆதாரம்

தளத்தின் விளம்பரப் பக்கம் மாறியிருக்கலாம். இப்போது இருக்கிறபடியும் எடுத்துக்கொள்ளுங்கள், முன்பதிவின்போது வந்த மின்னஞ்சலையும் வவுச்சரையும் தனியாக வையுங்கள். எடை அதிகம் உள்ளது வவுச்சர்தான். வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாமல் ‘எக்ஸ்போர்ட் சாட்’ செய்து சேமியுங்கள். போட்டோக்களை வாட்ஸ்அப் வழியாக அனுப்பிச் சேமித்தால் எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். போனிலிருந்து நேராகக் கணினிக்கு மாற்றுங்கள். நகைக்கடையில் எடுத்த முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் உள்ள இடைவெளியே அந்த 75 நிமிடத்துக்குச் சாட்சி. மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய அதிநியம் 2023-இன் 63-ஆம் பிரிவின் கீழ் ஒரு சான்றிதழ் உண்டு. முதல் பகுதியை நீங்களும் இரண்டாவதை நிபுணர் ஒருவரும் நிரப்ப வேண்டும். நுகர்வோர் ஆணையங்கள் சாட்சிய விதிகளை எழுத்துக்கு எழுத்து பிடிப்பதில்லை, ஆனால் எதிர்தரப்பு ஆட்சேபித்தால் அப்போது ஓடுவதைவிட முன்பே தயாராக இருப்பது நல்லது.

வழக்கு எவ்வளவு நாள் இழுக்கும்? எதிர்தரப்பு பதில் தர 30 நாள், அதிகபட்சம் இன்னொரு 15. அதற்குமேல் நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. மொத்தத்தில் மூன்று மாதம் என்பது ஏட்டில் இருப்பது. நடப்பில் அதைவிடக் கூடுதலாகும்.

விமர்சனமும் மிரட்டலும்

இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பயந்து நடுங்கவும் வேண்டாம். தாய்லாந்தில் அவதூறு இன்றும் குற்றவியல் குற்றம். தண்டனைச் சட்டத்தின் 326, 328-ஆம் பிரிவுகள். கோ சாங் தீவில் ஒரு விடுதியைப் பற்றிக் கடுமையான விமர்சனங்கள் எழுதிய, தாய்லாந்திலேயே வேலை பார்த்துவந்த அமெரிக்கர் ஒருவர் 2020-இல் கைதானார். பிறகு சமரசமாக முடிந்தது. நீங்கள் கோவையில் இருக்கிறீர்கள், எழுதியதும் இங்கிருந்து. நாளைக்கே ஒன்றும் நடந்துவிடாது. ஆனால் மீண்டும் தாய்லாந்து போகும் எண்ணம் இருந்தால் விமர்சனத்தைத் திருத்துவது புத்திசாலித்தனம். ‘திருட்டுக் கும்பல்’ என்ற சொல்லையும் கைடின் பெயரையும் எடுத்துவிடுங்கள். 12 பேர் என்றார்கள், 38 பேர் இருந்தோம். நான்கு இடம் என்றார்கள், இரண்டு பார்த்தோம். 75 நிமிடம் கடையில். இது போதும், படிப்பவருக்கும் வசைச் சொல்லைவிட இதுதான் உதவும். நட்சத்திரத்தைக் கூட்ட வேண்டியதில்லை. மிரட்டல் செய்திக்குப் பதில் எழுதாமல் சேமித்து வையுங்கள்.

தாய்லாந்துச் சுற்றுலாத் துறைக்கும் ஒரு புகார் அனுப்பலாம். பணத்துக்காக அதை நம்பியிருக்க வேண்டாம். உரிமம் தொடர்பான விஷயத்தை மட்டும் படத்தோடு எழுதுங்கள். அன்றைக்கே 1155-இல் சுற்றுலாக் காவல்துறையை அழைத்திருக்கலாம், ஆங்கிலத்தில் பேசுவார்கள், போனது போகட்டும். தூதரகம் வணிகத் தகராறுகளில் இறங்காது. பயணக் காப்பீட்டிலும் இதற்கு இடமில்லை. அது விபத்து, நோய், ரத்து, தாமதம், தொலைந்த பெட்டிக்கானது.

உங்கள் அண்ணன் சொன்னது

தனியாகப் போனது சட்டத்தின் பார்வையில் உங்கள் தரப்புக் குறையே இல்லை. தனியாக வருகிறவர் என்று தெரிந்து, அதற்கென்றே கூடுதல் பணம் வாங்கிய நிறுவனம் இது. குடும்பத்தோடு போயிருந்தாலும் அதே பஸ், அதே மெத்தைக் கடைதான்; கட்டணம் மட்டும் நாலு மடங்கு. தனியாகப் போனதால் ஒரே ஒரு நடைமுறைக் குறை இருக்கிறது: நீங்கள் சொல்வதை ஆமோதிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. அதற்கும் உங்கள் கடிதத்திலேயே வழி இருக்கிறது. அந்த பஸ்ஸில் பினாங்கிலிருந்து வந்த தமிழ்த் தம்பதி உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், எண் வாங்கிக்கொண்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களும் ‘சின்னக் குழு’ என்று சொல்லித்தான் பதிவு செய்திருந்தார்களா, எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை மணிக்கு எந்தக் கடைக்குப் போனார்கள், நீங்கள் இறங்கிய பிறகு அரண்மனைக்குப் போனார்களா என்ற நான்கு கேள்விக்கும் தேதியும் கையெழுத்தும் இட்டு ஒரு பக்கத்தில் எழுதி, ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். பின்னால் பிரமாண வாக்குமூலம் தேவைப்பட்டால் அதிலிருந்து தயாரித்துக்கொள்ளலாம். 52 நாள் ஆகிவிட்டது, போனில் இடம் போதாமல் அவர்கள் படங்களை அழிப்பதற்குள் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.